பஞ்சத்தின் காரணத்தைத் தேடிய முஹ்தஸிப்: அல்லாமா மக்ரீஸியின் வாழ்க்கை

எகிப்தின் விவசாயம் மழையை நம்பியதல்ல, நைல் நதியை நம்பியது. கோடையில் ஆறு பெருகி, வயல்களில் ஏறி நின்று, வண்டலை விட்டுவிட்டு வடிய வேண்டும். அதன் பிறகுதான் விதைப்பு. கெய்ரோவை ஒட்டிய ரவ்ளா தீவில் ஒரு கிணறும், அதன் நடுவே முழக் கணக்கு செதுக்கிய ஒரு கல்தூணும் இருக்கின்றன. அப்பாஸிய கலீஃபா முதவக்கில் காலத்தில், கி.பி. 861-இல் கட்டப்பட்டது. வெள்ளக் காலம் முழுவதும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அளந்து ஊருக்கு அறிவிப்பார்கள். 16 முழத்தை எட்டிவிட்டால் நகரமே கொண்டாடும், கால்வாய் திறக்கப்படும், அரசு நிலவரி வாங்கலாம். எட்டாவிட்டால் தானியம் கடைகளிலிருந்து மறையத் தொடங்கும்.

ஹிஜ்ரி 806-இல், அதாவது கி.பி. 1403-இல், ஆறு ஏமாற்றியது. விலை ஏறியது, நோய் பரவியது, தெருக்களில் மையித்துகள் கிடந்தன. எகிப்து இதற்கு முன்பும் பல முறை பார்த்த காட்சிதான். ஆனால் இம்முறை, ஆறு தவறிய ஆண்டு கடந்த பிறகும் துயரம் தீரவில்லை. மக்கள் இதை அல்லாஹ்வின் சோதனை என்றார்கள். முன்பு எப்போதும் இப்படி நடந்ததில்லை என்றும், இனி இது தீரவே தீராது என்றும் பேசிக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 808 முஹர்ரம் மாதம், கி.பி. 1405 ஜூலையில், ஒரு கெய்ரோ அறிஞர் இதை மறுத்து ஒரு சிறு நூல் எழுதினார். ஒரே இரவில் அதைத் தொகுத்து முடித்ததாக அவரே அதில் குறிப்பிடுகிறார். 'இகாஸதுல் உம்மா பி கஷ்ஃபில் கும்மா' என்பது நூலின் பெயர். துயரத்தின் காரணத்தை வெளிப்படுத்திச் சமுதாயத்துக்கு உதவுதல் என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் தகியுத்தீன் அஹ்மத் பின் அலீ அல்மக்ரீஸி (ரஹ்). அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

மக்ரீஸி 1364-ஆம் ஆண்டு வாக்கில் கெய்ரோவின் பர்ஜவான் பகுதியில் பிறந்தவர். நகரின் நடு நாடி அது. அங்காடிகளும் பழைய ஃபாத்திமிய அரண்மனைகளின் எச்சங்களும் சூழ்ந்த இடம். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய லெபனானில் உள்ள பஅலபக். அங்குள்ள ஒரு தெருவின் பெயரிலிருந்துதான் மக்ரீஸி என்ற பெயர் வந்தது. தந்தை வழியினர் ஹன்பலி மத்ஹபினர். தாய் வழிப் பாட்டனார் இப்னுஸ் ஸாயிக் ஹனஃபி அறிஞர்; பேரனை வளர்த்துக் கல்வி கொடுத்தவர் அவரே. ஆனால் இளைஞரான பிறகு மக்ரீஸி ஷாஃபிஈ மத்ஹபைத் தேர்ந்தார். ஒரே வீட்டில் மூன்று மத்ஹபுகள்! அக்கால கெய்ரோவில் இது பெரிய அதிசயம் இல்லை.

அவருக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, 1382 இறுதியில், மேற்கிலிருந்து ஒரு பேரறிஞர் எகிப்து வந்து சேர்ந்தார். இப்னு கல்தூன். ஆட்சிகள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன, வரியும் அநீதியும் ஒரு நாட்டின் உழைப்பை எப்படி உறிஞ்சுகின்றன என்று 'முகத்திமா'வில் ஆராய்ந்தவர். மக்ரீஸி அவரிடம் பாடம் கேட்டார், அந்த நூலை வாய் நிறையப் புகழ்ந்தார். ஒரு நிகழ்வைப் பதிவு செய்வதோடு நில்லாமல் அதற்குக் காரணம் தேடும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆசிரியர் நாகரிகங்களைப் பற்றிப் பேசினார். மாணவர் ரொட்டியின் விலையைப் பற்றிப் பேசினார்.

அதற்கு அவருடைய வேலையும் ஒரு காரணம். கோட்டையில் அரசுக் கடிதங்கள் எழுதும் அலுவலகத்தில் தொடங்கி, துணைக் காழியாகவும், அம்ரு பின் ஆஸ் (ரலி) பள்ளிவாசலில் கதீபாகவும் பணியாற்றியவரை, 1399-இல் சுல்தான் பர்கூக் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமித்தார். முஹ்தஸிப் என்றால் அங்காடியின் கண்காணிப்பாளர். எடைக்கல், படி, தராசு சரியா, மாவில் கலப்படம் உண்டா, ரொட்டியின் எடை குறைகிறதா, புழங்கும் காசு நல்ல காசா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. விலை ஏறினால் மக்கள் முதலில் கல்லெறிவதும் முஹ்தஸிபின் வீட்டில்தான். சுல்தானையோ அமீர்களையோ நெருங்க முடியாதவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அதிகாரி அவர்.

மக்ரீஸி அந்தப் பதவியில் நீண்ட காலம் இருக்கவில்லை. பர்கூக் அதே ஆண்டு ஜூனில் இறந்தார். பத்து வயதுச் சிறுவன் ஃபரஜ் அரியணை ஏறினான். அமீர்களின் கோஷ்டிச் சண்டையில் பதவிகள் கைமாறின. மக்ரீஸியை நீக்கி பத்ருத்தீன் அல்ஐனீயை நியமித்தார்கள். ஸஹீஹுல் புகாரிக்கு 'உம்ததுல் காரி' விரிவுரை எழுதிய அதே ஐனீ இமாம்தான். பிறகு ஐனீயை நீக்கி மீண்டும் மக்ரீஸி, மீண்டும் நீக்கம். இந்தப் போட்டியின் கசப்பு இரு பெரும் அறிஞர்களுக்கிடையே கடைசி வரை தீரவில்லை என்பதை இருவரின் எழுத்துகளும் காட்டுகின்றன. அவரவர் பின்னால் நின்ற அமீர்கள்தான் காய்களை நகர்த்தினார்கள். ஆனாலும் அந்தச் சில மாதங்கள் வீண் போகவில்லை. பணம் எந்தத் துளை வழியாக ஒழுகுகிறது என்பதை அவர் உள்ளிருந்து பார்த்துவிட்டார்.

1401-இல் தைமூர் திமிஷ்கைச் சூறையாடினான். எகிப்தின் படை செலவழித்தது, தோற்றது, திரும்பியது. கஜானா காலி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நைல் தவறியது. இந்தச் சூழலில்தான் அந்த ஒரே இரவு நூல்.

நூலின் முதல் பகுதி, இதற்கு முன் இப்படி நடந்ததில்லை என்ற பேச்சுக்குப் பதில். யூசுஃப் (அலை) அவர்கள் காலத்துப் பஞ்சம் முதல் தம் காலம் வரை எகிப்தில் வந்த பஞ்சங்களை அவர் வரிசையாக எடுத்து வைக்கிறார். அவற்றில் மிகக் கொடியது ஃபாத்திமிய ஆட்சியாளர் முஸ்தன்ஸிர் காலத்தில், கி.பி. 1065 தொடங்கி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீடித்தது. நாய், பூனைகளைத் தின்று தீர்த்த மக்கள், கடைசியில் மனிதர்களையே தின்னும் நிலைக்குப் போனதாக எழுதுகிறார்.

அந்தப் பஞ்சத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒரு சம்பவம். செல்வச் சீமாட்டி ஒருத்தி ஆயிரம் தீனார் மதிப்புள்ள தன் கழுத்து மாலையைக் கொடுத்து ஒரு மூட்டை மாவு வாங்கினாள். வழியிலேயே பசித்த கூட்டம் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டது. அவள் கையில் மிஞ்சியது ஒரு பிடி மாவு. அதை ரொட்டியாகச் சுட்டு, அரண்மனை வாசலில் உயரமான இடத்தில் ஏறி நின்று அதைத் தூக்கிக் காட்டினாள். இந்த ஒரு ரொட்டி எனக்கு ஆயிரம் தீனாருக்குக் கிடைக்கும்படி இன்பமாக ஆளும் மன்னருக்காக துஆ செய்யுங்கள் என்று ஊரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

செய்தி முஸ்தன்ஸிருக்கு எட்டியது. அவர் நகர ஆளுநரை அழைத்து, விலை இறங்காவிட்டால் உன் தலை இருக்காது என்றார். ஆளுநர் செய்த தந்திரம் கொடூரமானது. சிறையிலிருந்த மரண தண்டனைக் கைதிகளை வெளியே கொண்டுவந்து, அவர்களுக்கு வியாபாரிகளைப் போல ஆடையும் தலைப்பாகையும் அணிவித்தார். தானிய வியாபாரிகளையும் மாவரைப்பவர்களையும் ரொட்டி சுடுபவர்களையும் ஒரே இடத்தில் கூட்டினார். அவர்கள் கண்ணெதிரே, பதுக்கல் குற்றம் சாட்டி அந்தப் போலி வியாபாரிகளின் தலைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். உண்மையான வியாபாரிகள் நடுங்கிப்போய்க் களஞ்சியங்களைத் திறந்தார்கள். ரொட்டி அங்காடிக்கு வந்தது.

தானியம் இருந்தது என்பதுதான் இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது. ஊர் செத்துக்கொண்டிருந்தபோது அது பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தது. (ஆளுநரின் வழிமுறையை மக்ரீஸி சிபாரிசு செய்யவில்லை. அவர் பின்னால் சொல்லும் தீர்வில் தண்டனைக்கு இடமே இல்லை.)

முந்தைய பஞ்சங்கள் பெரும்பாலும் நைல் பொய்த்ததாலோ, பயிருக்கு வந்த வேறு இயற்கைக் கேடுகளாலோ வந்தவை என்பது அவருடைய முடிவு. இந்தப் பஞ்சம் அப்படியல்ல. இதைத் தொடங்கி வைத்தது ஆறாக இருக்கலாம், நீட்டித்து வைப்பது நிர்வாகம் என்கிறார். மூன்று காரணங்களை அவர் காட்டுகிறார்.

முதல் காரணம், லஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவது. அமைச்சர், காழி, மாகாண ஆளுநர், முஹ்தஸிப் என எல்லாப் பொறுப்புகளுக்கும் விலை இருந்தது. அந்தத் தொகை கையில் இல்லாதவர் கடன் வாங்கிக் கொடுத்தார். பதவியில் உட்கார்ந்ததும் கடன்காரர் வாசலில் நின்றார். ஆகவே கீழே உள்ளவர்களைப் பிழிந்தார். அவர்கள் தமக்குக் கீழே உள்ளவர்களைப் பிழிந்தார்கள். கடைசியில் பிழியப்பட்டவர் உழவர். தாங்க முடியாத உழவர் ஊரை விட்டு ஓடினார். நிலம் தரிசானது. நிலம் தரிசானால் விளைச்சலும் வரியும் குறையும். குறைந்த வரியை ஈடுகட்ட இன்னும் அதிகப் பதவிகள் விற்கப்பட்டன. தமக்குக் கிடைத்து, பறிபோய், மீண்டும் கிடைத்த அதே முஹ்தஸிப் பதவியையும் இந்தப் பட்டியலில் அவர் சேர்த்திருக்கிறார்.

இரண்டாவது காரணம், நிலக் குத்தகை. எகிப்தின் விளைநிலங்கள் சம்பளத்துக்குப் பதிலாக அமீர்களுக்கும் படைவீரர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. அமீர்களின் கணக்குப்பிள்ளைகள் எஜமானரை மகிழ்விக்க ஆண்டுதோறும் குத்தகையை ஏற்றினார்கள். ஒரு ஃபத்தான் நிலத்தின் குத்தகை சுமார் பத்து மடங்கு ஆகிவிட்டதாக மக்ரீஸி எழுதுகிறார். விதை, உழவு, அறுவடைக் கூலியும் கூடவே ஏறின. நல்ல வெள்ளம் வந்தாலும் பயிரிடுவது கட்டுப்படியாகாத நிலை. பெரிய களஞ்சியங்களின் சாவி அதே அமீர்களிடம் இருந்ததால், விலை ஏறுவதில் அவர்களுக்கு நஷ்டம் ஏதுமில்லை.

மூன்றாவது காரணம் செம்புக்காசு. நூலில் அவர் அதிக அக்கறையோடு எழுதியிருப்பது இதைத்தான்.

எகிப்தில் தங்க தீனாரும் வெள்ளி திர்ஹமும்தான் பணம். ஃபுலூஸ் எனப்பட்ட செம்புக்காசு, கீரை, வெங்காயம் போன்ற சில்லறைச் சாமான் வாங்க மட்டும். சுல்தான் பர்கூக் காலத்தில் அவருடைய மாளிகை நிர்வாகி மஹ்மூத் என்பவர் இதில் ஓர் இலாபத்தைக் கண்டுபிடித்தார். ஐரோப்பிய வணிகர்களிடமிருந்து செம்பு வாங்கிக் காசாக அடித்தால், செம்பின் விலைக்கும் காசின் முகமதிப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் அரசுக்கு. அலெக்சாந்திரியாவிலும் ஒரு நாணயச்சாலை திறந்தார்கள். வெள்ளிக்காசு அடிப்பது ஏறக்குறைய நின்றுபோனது. இருந்த வெள்ளியையும் மக்கள் உருக்கி நகையாக்கினார்கள். மிச்சம் வெளிநாடு போனது. மட்டமான காசு புழங்க, நல்ல காசு ஒளிந்துகொண்டது. காசுகளை எண்ணிக் கொடுத்த காலம் போய், ராத்தல் கணக்கில் தராசில் நிறுத்துக் கொடுக்கும் காலம் வந்தது. (நம் பாட்டிமார் சொன்ன ராத்தல், அதே அரபு ரத்ல்தான்.)

இங்கே அவர் ஓர் எளிய சோதனை செய்கிறார். ஒரு பொருளின் விலையைச் செம்புக்காசில் பாருங்கள், தலை சுற்றும். அதே விலையைத் தங்கத்திலும் வெள்ளியிலும் மாற்றிப் பாருங்கள், கொஞ்சமே ஏறியிருக்கும். அப்படியானால் மாறியது எது? பொருளா, அதை அளக்கும் கோலா? கல்யாணச் செலவை ரூபாயில் கேட்டு மலைத்து, எத்தனை பவுன் என்று மாற்றி யோசிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஸகாத்தின் நிஸாபை இன்றும் தங்கம், வெள்ளியின் எடையில் கணக்கிடும் சமுதாயம் நாம்.

அடுத்து அவர் செய்தது அந்தக் காலத்தில் அரிதான வேலை. எகிப்து மக்களை ஏழு வகுப்புகளாகப் பிரித்து, விலையேற்றம் ஒவ்வொருவரையும் என்ன செய்தது என்று பார்த்தார். ஆட்சியாளர்களின் வருமானம் காசுக் கணக்கில் பெருகியிருந்தது. தாம் பணக்காரர் ஆகிவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்தக் காசு முன்பு வாங்கியதைவிடக் குறைவாகவே வாங்கியது. அவர்களும் உள்ளுக்குள் கரைந்துகொண்டுதான் இருந்தார்கள். பெரு வணிகர்களின் கதையும் அதுவே. இலாபம் என்று எண்ணியது அடுத்த கொள்முதலிலேயே காணாமல் போனது. சிறு கடைக்காரர்கள் அன்றாடம் சமாளித்தார்கள். உழவர்களில் பெரும்பாலோர் அழிந்தார்கள். நீர் எட்டிய நிலம் வைத்திருந்த சிலர் மட்டும் செல்வரானார்கள்.

ஐந்தாவது வகுப்பைப் பற்றி எழுதும்போது எழுத்தில் வலி தெரிகிறது. மத்ரஸாக்களிலும் வக்ஃபுகளிலும் நிலையான உதவித்தொகை பெற்ற உலமாக்கள், மாணவர்கள், சாதாரணப் படைவீரர்கள். விலை ஏறினாலும் இவர்களின் தொகை ஏறவில்லை. இறந்தவர்கள் போக, எஞ்சியவர்கள் மரணத்தை விரும்பும் நிலையில் இருந்தார்கள் என்று எழுதுகிறார். அவரும் இந்த வகுப்பைச் சேர்ந்தவர். ஆறாவது வகுப்பு கைவினைஞர்களும் கூலிகளும். சாவுக்குத் தப்பியவர்களின் கூலி பல மடங்கு கூடியது, ஆள் கிடைக்காததால். ஏழாவது வகுப்பு ஏழைகள். பசியிலும் குளிரிலும் பெரும்பாலோர் மடிந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத அவருக்கு அதிகம் இருக்கவில்லை.

சம்பளம் பெறுபவர், நிலம் உள்ளவர், கூலி ஆள் என்று பிரித்து, ஒரே விலையேற்றம் எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை என்று காட்டுவது இன்றைய பொருளாதார ஆய்வாளர்கள் செய்கிற வேலை. ஆனாலும் அவரை எல்லாவற்றிலும் முதல்வர் என்று உயர்த்த வேண்டியதில்லை. செம்புக்காசை அளவுக்கு மீறி அடித்தால் மக்களின் சொத்து கரையும் என்பதை அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இப்னு தைமிய்யா (ரஹ்) எச்சரித்திருந்தார். பிரான்சில் நிக்கோல் ஓரெம் என்ற பாதிரியாரும் 14-ஆம் நூற்றாண்டில் நாணயத்தைக் கெடுக்கும் மன்னர்களுக்கு எதிராக எழுதினார். மட்டமான காசு நல்ல காசை விரட்டும் என்ற விதிக்குப் பெயர் கொடுத்த ஆங்கிலேயர் கிரெஷாம் பிறந்தது 1519-இல்தான். மக்ரீஸியின் தனிச்சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு, நிலம், பதவி, காசு ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியில் கோத்து, அதன் மறுமுனையில் செத்துக்கிடந்தவர் யார் என்று பெயரிட்டுக் காட்டியவர் அவர்.

அவர் சொன்ன மருந்து நேரானது. விலை, கூலி, வரி எல்லாவற்றையும் தங்கத்திலும் வெள்ளியிலும் கணக்கிடுங்கள். செம்பைச் சில்லறையோடு நிறுத்துங்கள். விலைக்கு உச்சவரம்பு விதிக்கச் சொல்லவில்லை. விலை உயர்ந்தபோது நபி (ஸல்) அவர்கள் விலை நிர்ணயம் செய்ய மறுத்த ஹதீஸை அறிந்தவர் அல்லவா!

இதில் அவர் பார்க்கத் தவறியதும் உண்டு. 1347-இல் எகிப்துக்குள் நுழைந்த பெரும் கொள்ளைநோயும், அதன்பின் மீண்டும் மீண்டும் வந்த அலைகளும் உழவர்களையும் கரை கட்டும் ஆட்களையும் வாரிக்கொண்டு போயிருந்தன. வெள்ளிப் பற்றாக்குறை எகிப்தில் மட்டுமல்ல, அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இருந்தது. எனவே வெள்ளி மறைந்ததற்கு பர்கூக்கின் அதிகாரிகளை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெள்ளியே இல்லாத நாட்டில் வெள்ளிக்குத் திரும்புங்கள் என்பது எளிதில் நடக்கிற காரியமும் அல்ல.

நூலால் உடனே ஒன்றும் மாறவில்லை. ஃபரஜ் ஆட்சி இழந்து 1412-இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த சுல்தான் முஅய்யத் ஷைக் வெள்ளிக்காசை மீட்க முயன்றார். அவருக்காகவே மக்ரீஸி இஸ்லாமிய நாணயங்களின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். முஅய்யதின் வெள்ளிக்காசு நல்ல பெயர் பெற்றது, ஆனால் செம்பு போகவில்லை. 1425-இல் சுல்தான் பர்ஸ்பாய், வெனிஸ் நகரத் தங்கக் காசுக்குப் போட்டியாக அஷ்ரஃபி தீனாரை வெளியிட்டார். அதே பர்ஸ்பாய் சர்க்கரையையும் மிளகையும் அரசின் ஏகபோகமாக்கி வணிகர்களை நசுக்கினார். அதையும் மக்ரீஸி விடாமல் எழுதினார்.

ஆனால் அரசு ஊழியராக அல்ல. திமிஷ்கில் சில காலம் ஒரு வக்ஃபையும் நூரி மருத்துவமனையின் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டு மத்ரஸாக்களில் பாடம் சொன்னார். அங்கே காழி பதவி தேடி வந்தபோது மறுத்துவிட்டார். பதவியின் விலையை அறிந்தவர் மறுத்ததில் வியப்பில்லை. பிறகு கெய்ரோ திரும்பி, பிறந்த வீட்டிலேயே அடைந்து எழுதத் தொடங்கினார். ஹஜ்ஜுக்குச் சென்று மக்காவில் தங்கியிருந்த காலத்தைத் தவிர, மிச்ச வாழ்நாள் பெரும்பாலும் அந்த அறையில்தான். கெய்ரோவின் தெருக்கள், பள்ளிவாசல்கள், கால்வாய்கள், அங்காடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் 'கிதத்', ஃபாத்திமியர் வரலாறு, நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு, மம்லூக் ஆட்சியின் வரலாறான 'சுலூக்' எல்லாம் அங்கே உருவானவை. தேனீக்களைப் பற்றிக்கூட ஒரு சிறு நூல் உண்டு. 'கிதத்' நூலுக்கு அவ்ஹதீ என்ற நண்பரின் குறிப்புகளை எடுத்தாண்டார் என்று ஸகாவி பின்னர் குற்றம் சாட்டினார்; அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

குடும்ப வாழ்க்கையில் அவருக்கு ஆறுதல் குறைவு. மகள் ஃபாத்திமாவைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். கொள்ளைநோய் ஆண்டுகளைப் பற்றி 'சுலூக்' நூலில் எழுதும்போது அவர் மையித்துகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறார். பக்கத்திலேயே கோதுமை விலை, நைலின் அளவு, தீனாருக்கு எத்தனை திர்ஹம் என்ற கணக்கு. முஹ்தஸிப் வேலை போய் நாற்பது ஆண்டு ஆன பிறகும் அந்தக் கணக்கை அவர் நிறுத்தவில்லை. இன்று மம்லூக் காலத்து எகிப்தின் விலைவாசியை ஆராய்பவர்கள் முதலில் திறப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

ஹிஜ்ரி 845 ரமளானில், கி.பி. 1442 தொடக்கத்தில், அவர் வஃபாத்தானார். கெய்ரோவின் பாபுன் நஸ்ர் வாயிலுக்கு வெளியே, சூஃபிகளின் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஆசிரியர் இப்னு கல்தூனும் அதே மையவாடியில்தான் இருக்கிறார். ஒரே இரவில் எழுதிய அந்தச் சிறு நூல் 1940-இல் கெய்ரோவில் அச்சேறியது. பிறகு 1962-இல் பிரெஞ்சிலும் 1994-இல் ஆங்கிலத்திலும் வந்தது.